வளவு திருத்தும் வேளையில்



மாரி மழை ஓய்ந்து தை பிறக்கப்போகும் நாட்களில் வடபகுதிக் கிராமம் ஒன்றினூடாக நடந்து செல்பவர், வளவுக்கு வளவு ஒரே வகையான ஓசைகளைக் கேட்பார். உழவாரம் புல்லைச் செருக்கும் ஓசை. அலவாங்கு சுண்ணக்கல்லில் மோதும் ஓசை. கோடரி பட்ட கொப்பைத் தறிக்கும் ஓசை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்காலளவு எழுந்த புல்லையும் பூண்டையும் நீக்கி, சாய்ந்த வேலியை நிமிர்த்தி, முற்றத்தைக் கூட்டிப் பொங்கற் பானைக்கு இடஞ் செய்வது நீண்டகால வழக்கம். மலைநாட்டிலே வீட்டுக்குப் பின்னுள்ள மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்துவர். கிழக்கிலே தென்னையின் கீழ்ச் சேர்ந்த பாளையையும் மட்டையையும் அகற்றுவர். தலைநகரிலே வீட்டு முன்றிலில் புற்றரையும் பூங்கன்றும் அமைப்பர். இடம் வேறாயினும் வேலை ஒன்றே. வளவைத் திருத்தும் வேலை அது.

இந்த வேலையை ஆபத்துள்ள வேலையென எவரும் எண்ணுவதில்லை. தொழிற்சாலைக்குச் செல்பவன் அங்கே இயந்திரம் உண்டு என்று அறிந்து செல்கின்றான். கடலுக்குச் செல்பவன் காற்றைப் பார்த்து வள்ளத்தைத் தள்ளுகின்றான். வளவுக்குள் இறங்குபவனோ காலிற் செருப்பும் இன்றி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகின்றான். பிறந்து தவழ்ந்த மண்தானே, அதிலே என்ன பயம் என்பது அவன் நினைப்பு. அந்த நினைப்புக்கு உள்ளேதான் ஆபத்துப் பதுங்கியிருக்கின்றது. ஆண்டுதோறும் இத்தகைய வேலைகளிலே கண்ணை இழந்தவர், மரத்தால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்து பாயோடு கிடப்பவர், பாம்பு தீண்டி இறந்தவர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் வேலை தெரியாதவர் அல்லர். வேலையில் நன்கு பழகியவர்களே.

அப்படியாயின் விபத்து எங்கிருந்து வருகின்றது? ஒரு வளவிலே வேலை நடக்கும்போது அங்கே பெரும்பாலும் இருவர் இருக்கின்றனர். ஒருவர் வளவுக்கு உரியவர். மற்றவர் கூலிக்கு வந்தவர். வளவின் வரலாறு உரியவருக்குத் தெரியும். பழைய கிணறு எங்கே மூடப்பட்டது, உடைந்த போத்தல்கள் எந்த மூலையில் எறியப்பட்டன, நீர்ப்பம்பிக்கு மின்கம்பி எந்த வழியாகப் புதைக்கப்பட்டது என்பனவற்றை அவர் அறிவார். வேலையின் நுட்பம் வந்தவருக்குத் தெரியும். எந்தக் கொப்பு தாங்கும், எது முறியும், எந்தப் பற்றைக்குள் தடியால் தட்டாமற் கைவைக்கக் கூடாது என்பனவற்றை அவர் அறிவார். இருவருடைய அறிவும் ஒன்றுசேருமாயின் வேலை பத்திரமாக முடியும். உரியவர் கூலியைப் பேசிவிட்டு விறாந்தையில் அமர்ந்துவிட, வந்தவர் ஒன்றும் கேளாமற் கத்தியை எடுத்து இறங்கிவிட்டால், அந்த இரு அறிவுக்கும் இடையிலே உள்ள வெளியில் விபத்து வந்து நிற்கின்றது.

எனவே முதல் வெட்டு விழுமுன், உரியவரும் வேலைக்கு வந்தவரும் கால்மணி நேரம் வளவை ஒருமுறை சுற்றி நடந்து பார்ப்பதே எல்லாக் காப்பிலும் தலையாய காப்பாகும். செயலைத் தொடங்குமுன் ஆராய வேண்டும் என்பதற்காகவே 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரத்தை வகுத்தார் திருவள்ளுவர். அரசர்க்கு வேண்டிய அந்த ஆராய்ச்சி, அரைப்பரப்பு வளவைத் துப்புரவாக்குபவர்க்கும் வேண்டியதே. அவ்வாறு நடக்கும்போது மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும். கால் வைக்கும் இடம் ஒன்று. தலைக்கு மேலுள்ள இடம் மற்றொன்று. கை வைக்கும் இடம் மூன்றாவது.

கால் வைக்கும் இடத்தை முதலிற் பார்ப்போம். பல்லாண்டு பூட்டிக் கிடந்த வளவுகள் வடக்கிலே இன்றும் உண்டு. உரியவர் கொழும்பிலோ கடல்கடந்த நாட்டிலோ வாழ்கின்றார். தொலைபேசியிலே ஒருவரை அழைத்து வளவைத் துப்புரவாக்கி வைக்கும்படி சொல்லிவிடுகின்றார். பற்றைக்குள் மறைந்திருக்கும் கட்டில்லாக் கிணற்றைப் பற்றிச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கொடியும் செடியும் மூடிய துரவு, பார்வைக்குச் சமநிலம் போலவே தோன்றும். அத்தகைய இடத்திலே ஒரு கேள்வியும் ஒரு மறுமொழியும் ஓர் உயிரின் பெறுமதி உடையன.

"ஐயா, இந்தப் பற்றைக்குள்ளை முந்திக் கிணறு ஏதும் இருந்ததோ?"

"ஓம் தம்பி, எங்கடை அப்பு காலத்துத் துரவு ஒண்டு வேம்புக்குக் கிழக்காலை இருக்குது. கொஞ்சம் பொறும், அதிலை ஒரு பூவரசந்தடி நட்டுவிட்டு வாறன்."

இவ்வளவுதான் வேண்டியது. தடியின் நுனியிலே ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிட்டால் நாள் முழுவதும் அது காவல் நிற்கும். உரியவர் தூரத்தே வாழ்பவராயின், வளவின் படம் ஒன்றைத் தாளில் வரைந்து, கிணறு, மலகூடக் குழி, புதைத்த மின்கம்பி என்பவற்றைக் குறித்து அனுப்புவது அவர் கடமை. பணம் அனுப்புவதற்கு முன் அனுப்ப வேண்டியது அந்தத் தாளே.

போர் நிகழ்ந்த பிரதேசங்களில் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. பெரும்பரப்பு நிலம் வெடி அகற்றப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்டுள்ளது. ஆயினும் நெடுங்காலம் மனிதர் புழங்காத காணியிலே மண்வெட்டி படும்போது, துருப்பிடித்த இரும்புப் பொருள் ஏதும் தென்படுமாயின், அதைத் தொடுவதோ, தட்டிப் பார்ப்பதோ, எடுத்து வேலிக்கு அப்பால் எறிவதோ கூடாது. வேலையை நிறுத்தி, வந்த அடியிலேயே திரும்பி நடந்து, அவ்விடத்துக்கு எவரும் போகாதபடி தூரத்தே ஓர் அடையாளம் இட்டு, பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும். அத்தகைய காணியிலே குப்பையைக் குவித்து நெருப்பு வைப்பதும் ஆகாது. மண்ணுக்குள் உறங்கும் வெடிபொருள் சூட்டினால் விழித்துக்கொள்ளும்.

மலைநாட்டு நேயர்களுக்குக் கால்வைக்கும் இடத்தின் ஆபத்து வேறு வகையினது. வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டை அடியிலிருந்து நேராக வெட்டிச் செல்வது அங்கே வழக்கம். ஒரு கன மீற்றர் ஈரமண் ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. அது இடுப்பளவு மூடினாலே மனிதனால் எழ முடியாது; நெஞ்சளவு மூடினால் மூச்சு விட முடியாது. மேட்டை எப்பொழுதும் மேலிருந்து கீழாக, படிப்படியாக, சரிவு விட்டே வெட்டவேண்டும். மழை நாட்களிலும் மழை ஓய்ந்த உடனும் அந்த வேலையைத் தொடுதல் கூடாது. மேட்டின் தலையிலே வெடிப்புத் தோன்றுமாயின், சாய்ந்திராத மரம் சாயத் தொடங்குமாயின், அல்லது தெளிநீர் ஊறிய இடத்திலே கலங்கல் நீர் வருமாயின், அன்று வேலை இல்லை. வீட்டாரும் அவ்விடத்தை விட்டு அகலவேண்டும்.

இனித் தலைக்கு மேலுள்ள இடத்தைப் பார்ப்போம். முருங்கைக்காய் பறிக்கவும் மாங்காய் பறிக்கவும் கொக்கத்தடி வீடுதோறும் உண்டு. முன்னாளில் அது மூங்கிலாக இருந்தது. இன்றைக்கு இரும்புக் குழாயும் அலுமினியக் குழாயும் கொக்கத்தடி ஆகிவிட்டன. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. வீதியோரக் கம்பிகள் சிலவற்றிலே ஓடுவது 11,000 அல்லது 33,000 வோல்ற்று. இவற்றுள் எதனையும் உலோகத் தடி தொட்டால், தடியைப் பிடித்தவன் விட நினைத்தாலும் கை விடாது. ஈரம் ஊறிய மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். உயரழுத்தக் கம்பியைத் தொடவேண்டிய அவசியமும் இல்லை. மிக அருகே சென்றாலே அது பாயும். கம்பியோடு உரசும் கொப்பைத் தறிக்கவேண்டுமாயின் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தாருக்கு அறிவித்து, அவர்கள் இணைப்பைத் துண்டித்த பின்னரே தறிக்கவேண்டும். ஒருவர் மின்சாரத்தில் அகப்பட்டால் அவரை வெறுங்கையால் இழுக்கப் போகின்றவரும் அகப்படுவார். வீட்டு மின்சாரமாயின் முதலிற் பிரதான ஆளியை நிறுத்தவேண்டும். வீதிக் கம்பியாயின் அதனை நிறுத்தும்வரை எவரும் அருகே செல்லக் கூடாது.

மரத்தில் ஏறுவது ஒரு தனிக் கலை. மழை பெய்து ஈரமாயுள்ள மரத்தில் தேர்ந்தவனும் ஏறான். முருங்கையும் பப்பாசியும் பார்வைக்குத் தடித்திருந்தாலும் உள்ளே உறுதியில்லாதவை. வீட்டுப் பிள்ளைகள் கையுங்காலும் முறிந்து ஆசுபத்திரிக்குச் செல்லுங் கதைகள் பலவற்றுக்கு முருங்கையே தொடக்கம். பெருங்கொப்பை மேற்புறமிருந்து மட்டும் வெட்டினால், அது பாதி முறிந்து, பட்டையோடு உரிந்து, ஊஞ்சல் போல வந்து வெட்டியவனையே அடிக்கும். ஆதலின் அடிப்புறத்திலே மூன்றிலொரு பங்கு முதலில் வெட்டி, பின்னரே சற்று அப்பால் மேற்புறத்தில் வெட்டவேண்டும். கொப்பைக் கயிற்றாற் கட்டி இறக்குவது மேலும் நன்று. மேலே ஒருவன் வெட்டும்போது கீழே நிற்பவர், கொப்பின் நீளத்தைப் போல இருமடங்கு தூரத்தில் நிற்கவேண்டும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது பழமொழி. பனையின் கீழே குனிந்து புல் செருக்குபவனுக்கோ அந்த ஓலை சிரிப்பன்று. கருக்கு மட்டையோடு உயரத்திலிருந்து வரும் காவோலை, கத்தி பொருத்திய தடி போன்றது. காற்று வீசும் நாளிலே பனையின் கீழும் தென்னையின் கீழும் வேலையை வைத்துக்கொள்ளாதிருத்தலே அறிவு. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடி முழங்குமாயின், அலவாங்கையும் மண்வெட்டியையும் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். மரத்தின் கீழ் ஒதுங்குதல் கூடாது.

மூன்றாவது, கை வைக்கும் இடம். ஆபத்துகளுள் மிகப் பலவற்றை இங்கேதான் காணலாம். பாம்பு மனிதனைத் தேடி வருவதில்லை. மனிதன் கைதான் பாம்பு இருக்கும் இடத்தைத் தேடிச் செல்கின்றது. இந்நாட்டிலே நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்டொன்றிலே ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு தீண்டுகின்றது என்றும், அவர்களுள் 400 பேருக்கு மேல் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. நாகமும் எண்ணெய் விரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் யாவரும் அறிந்தவை. மூக்கு நுனி மேல்நோக்கி எழுந்த சிறு விரியன் ஒன்று உண்டு. காய்ந்த இலைச் சருகின் நிறத்தில், சருகினடியிலே சுருண்டு கிடக்கும். அதனைக் கொல்லாத பாம்பு என்று பலர் அலட்சியம் செய்கின்றனர். அதன் விடம் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பழுதாக்கி உயிரையும் வாங்கியிருக்கின்றது. முற்கூறிய நாலு பாம்புகளின் விடத்துக்கென இந்தியாவிலிருந்து தருவிக்கப்படும் மருந்து, இந்தச் சிறு விரியனின் விடத்தை முறிப்பதில்லை. ஆகையால் தீண்டாதபடி காத்தலே இதற்குச் சிறந்த மருந்து.

காத்தல் கடினமன்று. சருகையும் கிடுகுக் குவியலையும் கையால் அள்ளாது, நீண்ட பிடியுள்ள குப்பைவாரியால் முதலில் இழுத்துக் கலைக்கவேண்டும். கல்லையும் மரக்குற்றியையும் புரட்டும்போது தன் பக்கமாகப் புரட்டவேண்டும். அப்பொழுது அடியிலிருப்பதற்கும் மனிதனுக்கும் இடையே அந்தக் கல்லே தடுப்பாக நிற்கும். முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்தும் தடித்த கையுறையும் அணியவேண்டும். கையுறைக்குக் கொடுக்கும் பணத்தை வீண்செலவென எண்ணுபவர், ஒரு நாள் ஆசுபத்திரிக்குப் போய்வரும் வாகனக் கூலியை எண்ணிப் பார்ப்பாராக. தேளும் பூரானும் குளவியும் இதே இடங்களில் வாழ்வன. குளவிக்கூடு கண்ட மரத்தைத் தொடுமுன் அதைப் பற்றி மற்றவர்க்குச் சொல்லவேண்டும்.

அத்தனைக்கும் பின் பாம்பு தீண்டிவிட்டால் என் செய்வது? கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், விடக்கல் வைத்தல் ஆகிய யாவும் தீமையே செய்யும். தீண்டப்பட்டவரை ஓடவோ நடக்கவோ விடாது, மோதிரம், காப்பு என்பவற்றைக் கழற்றி, தீண்டிய கையை அல்லது காலை அசையாது வைத்து, தாமதமின்றி அரசாங்க ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 2016 இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 என்னும் இலக்கத்து அம்புலன்சு சேவை கட்டணமின்றி வருகின்றது. பாம்பை அடித்துக் கொண்டுபோக முயல்வது இன்னொருவரையும் தீண்டுவதற்கே வழியாகும். அதன் உருவத்தை நினைவில் வைத்து மருத்துவரிடம் கூறினாற் போதும்.

செடிகளிலும் கைபட்டால் வருத்துபவை உண்டு. வடக்கிலே வீதியோரமெங்கும் பரவிய பாதீனியத்தை வெறுங்கையாற் பிடுங்குவோருக்குத் தோலிலே சொறியும் தடிப்பும் ஏற்படும். சிலருக்கு மூச்சிழுப்பும் உண்டாகும். மழையால் நிலம் இளகியிருக்கும்போது, பூப்பதற்கு முன்பாக, கையுறையோடு வேருடன் பிடுங்குவதே முறை. கள்ளியின் பாலும் எருக்கின் பாலும் கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு. பட்ட உடனே கண்ணைக் கசக்காது, தூய நீரைக் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவி, பின் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

கண்ணைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துச் செம்மண் ஆழமில்லாதது. சிறிது தோண்டியவுடன் சுண்ணக்கல் வந்துவிடும். அலவாங்கும் பிக்கானும் கல்லில் மோதும்போது சிதறும் சில்லுகள் நேரே கண்ணுக்கே வருகின்றன. இக்காலத்திலே புல்வெட்டும் இயந்திரமும் எங்கும் வந்துவிட்டது. அது புல்லை மட்டும் வெட்டுவதில்லை. புல்லுக்குள் கிடக்கும் கல்லையும் ஆணியையும் போத்தல் ஓட்டையும் துப்பாக்கிக் குண்டு போல வீசுகின்றது. அதை இயக்குபவர் கண்ணாடிக் கவசமும் நீண்ட காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் அணியவேண்டும். ஏனையோர், சிறப்பாகக் குழந்தைகள், 15 மீற்றர் தூரத்துக்குள் வரக் கூடாது. பழைய முட்கம்பி கிடக்கும் இடம் எது என்பது உரியவருக்கே தெரியும். அலகிலே கம்பி சுற்றினால் இயந்திரத்தை நிறுத்தி, முழுவதும் ஓய்ந்தபின்பே அதை எடுக்கவேண்டும். மின்சாரத்தால் இயங்கும் கருவியாயின் வீட்டிலே மின்கசிவைத் துண்டிக்கும் ஆளி சரியாக வேலை செய்கின்றதா என்று பார்த்தபின் இணைக்கவேண்டும்.

கைக்கருவிகள் சிறியன என்று எண்ணுதலும் தவறு. மண்வெட்டியின் கண்ணிலே ஆப்புத் தளர்ந்திருந்தால், வீசும்போது இலை கழன்று பின்னால் நிற்பவரைத் தாக்கும். மழுங்கிய கத்தி கூரிய கத்தியைவிட ஆபத்தானது. மழுங்கல் வழுக்கும், வழுக்கிய கத்தி காலைத் தேடும். கத்தியைக் கொடுப்பவர் பிடியை முன்னீட்டிக் கொடுக்கவேண்டும். வேலையின் இடையிலே அலவாங்கைப் புல்லுக்குள் படுக்கவைக்காது, யாவர்க்கும் தெரியும்படி மரத்திற் சாத்திவைக்க வேண்டும்.

சிறு கீறல்தானே என்று மண்ணை அப்பிவிட்டு வேலையைத் தொடர்வோர் உளர். மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ஏற்புவலியை உண்டாக்கும் பற்றீரியாவின் வித்திகள் நெடுங்காலம் உயிரோடிருக்கும். துருப்பிடித்த ஆணியோ கருக்கோ ஆழமாகக் குத்திய சிறு காயமே அவற்றுக்கு உகந்த இடம். தாடை இறுகியபின் மருத்துவம் கடினம்; தடுப்பூசியோ எளிது. காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கடைசியாக எந்த ஆண்டு தடுப்பூசி போட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். வெள்ளம் வடிந்த வளவிலே வேறொரு நோயும் காத்திருக்கின்றது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றினால், தோலின் கீறல்வழியே எலிக்காய்ச்சல் பரவும். 2008 இல் இந்நாட்டிலே 7,000 பேருக்கு மேல் இந்நோய் ஐயத்துடன் பதிவாயினர். 2024 டிசம்பரில் வெள்ளத்தின்பின் யாழ்ப்பாணத்திலே சிலர் காய்ச்சலுற்று இறந்தமைக்கும் இதுவே காரணமெனக் கண்டறியப்பட்டது. சேற்றில் இறங்கி வேலை செய்தபின் ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சலும், கெண்டைக்கால் நோவும், கண் சிவப்பும் தோன்றுமாயின், மருத்துவரிடம் தாம் செய்த வேலையையும் கூறவேண்டும். சேற்றுவேலைக்கு முன்னரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஆலோசனை பெற்றால் தடுப்பு மருந்தும் கிடைக்கும்.

கிணறு இறைத்துத் துப்புரவாக்குவதும் வளவு வேலையின் ஒரு பகுதியே. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றிலே ஒட்சிசன் குறைந்திருக்கும். முன்னோர் விளக்கொன்றைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தனர்; விளக்கு அணைந்தால் மனிதன் இறங்கான். அந்தச் சோதனை இன்று போதாது. எண்ணெயால் இயங்கும் நீர்ப்பம்பியைக் கிணற்றுக்குள்ளே இறக்கி இயக்கும்போது எழும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்கையும் அது அணைப்பதில்லை. மனிதனை மட்டும் மயக்கி வீழ்த்தும். ஆதலின் அத்தகைய பம்பி எக்காரணத்தாலும் கிணற்றின் உள்ளே செல்லக் கூடாது. இறங்குபவரின் மார்பிலே கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்து நிற்கவேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால், இரக்கத்தால் உடனே குதிப்பவரும் மாள்வர். கயிற்றால் இழுப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான உதவி.

களைநாசினியும் பூச்சிநாசினியும் தெளிப்போர் காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கலாகாது. குடிக்கும் சோடாப் போத்தலில் அவற்றை ஊற்றி வைப்பது, அறியாத பிள்ளைக்கு வைக்கும் பொறி. பரக்குவாற் என்னும் களைநாசினி அதன் கொடுமை காரணமாக 2008 தொடக்கம் இந்நாட்டிலே படிப்படியாக நீக்கப்பட்டது. பழைய வீட்டின் கொட்டிலிலே முன்னாளைய மருந்துப் போத்தல் ஏதும் கிடக்குமாயின், அதைத் திறக்காது விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை கேட்கவேண்டும். குப்பைக்கு நெருப்பு வைப்பதைவிடக் குழியிலிட்டுப் பசளையாக்குவது எவ்வகையிலும் நன்று. சோளகக் காற்று வீசும் காலத்திலே ஒரு பொறி போதும். ஓலைவேலி வழியே அது நாலு வீடு தாண்டும்.

வேலை செய்பவரின் உடலும் ஒரு கருவியே. காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்தி, மாலை 3 மணிக்குப் பின் மீண்டும் தொடங்குவது முன்னோர் கண்ட ஒழுங்கு. தாகம் எடுக்குமுன்பே நீர் அருந்தவேண்டும். உப்பிட்ட மோரும் பழஞ்சோற்றுத் தண்ணீரும் இளநீரும் வெயிலுக்கு ஏற்றவை. வெயிலில் நிற்பவர் பேச்சுத் தடுமாறி, தள்ளாடி, உடல் நெருப்பாய்க் கொதிப்பாராயின், உடனே நிழலுக்குக் கொணர்ந்து உடலை நீரால் நனைத்து விசிறி, ஆசுபத்திரிக்கு அனுப்பவேண்டும். கூலிக்கு வந்தவர் இளைப்பாற அமர்ந்தால் அதைச் சோம்பல் என்று முகஞ்சுளிக்கும் வீட்டார், அவரை வெயிலுக்கு இரையாக்குகின்றனர்.

பாடசாலைச் சிரமதானத்திலும் இவ்விதிகள் யாவும் பொருந்தும். வளவைத் திருத்தும் பழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டியதே. ஆயினும் மரத்தில் ஏறுதல், மருந்து தெளித்தல், இயந்திரம் இயக்குதல், பற்றைக்குள் முதலில் இறங்குதல் என்பன பிள்ளைகளின் வேலையல்ல. முதல் நாளே பெரியவர் வளவைப் பார்த்து, போத்தல் ஓடும் பாம்புப் புற்றும் உள்ள இடத்தை விலக்கி, எஞ்சிய இடத்தையே மாணவர்க்கு விடவேண்டும். சிரட்டையிலும் தகரத்திலும் தேங்கிய நீரைக் கவிழ்த்தல் போன்ற பணி பிள்ளைகளுக்கு ஏற்றது. டெங்கு நுளம்பு பெருகாமற் காக்கும் பெரும்பணியும் அதுவே.

முடிவாக, கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்கூலிக்கு வருபவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை. படுத்த நாளுக்குப் பணம் இல்லை. அவர் கால் முறிந்தால் அந்த வீட்டின் அடுப்பும் முறிகின்றது. பேசிய பணத்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணும் வீட்டார், தம் வளவைப் பற்றித் தாம் அறிந்ததைச் சொல்லாமல் விட்டால், கொடுக்கவேண்டியதிற் பாதியைக் கொடாதவர் ஆகின்றனர். வந்தவரும் கேட்கக் கூச்சப்படலாகாது. "இதிலை கம்பி போகுதோ, ஐயா?" என்று கேட்பது அறியாமையன்று, தொழில் தெரிந்தவனின் அடையாளம்.

இந்தப் பொங்கலுக்கு முற்றம் துப்புரவாகட்டும், வேலி நிமிரட்டும். அந்த முற்றத்தைத் திருத்தியவரும் மாலையிலே கண்ணும் காலும் குறையாது தம் வீட்டு முற்றத்தை அடையட்டும். அதற்கு வேண்டியது, காலையிலே இருவரும் சேர்ந்து நடக்கும் அந்தக் கால்மணி நேரமே.